போய் வருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள்



நம் வீடுகளில் வெளியூர் புறப்படுகிறவர் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. தவறிச் சொல்லிவிட்டால் பாட்டி விடமாட்டார். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்திவிட்டுத்தான் வாசல்படி இறங்கவிடுவார். இந்தச் சொல்லைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தவர்களையும், அது கிடைக்காமலே போனவர்களையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இரு சாராரும் ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள். பல குடும்பங்களில் உடன்பிறந்தவர்களாகவும் இருந்தார்கள். காலம் 1943ஆம் ஆண்டு.

ஜப்பானியப் படை 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி நடுவில் மலாக்கா அவர்கள் கைக்குப் போயிற்று. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. தோட்டத் துரைமார்கள் அதற்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்கள். ரப்பரை வாங்கிய ஐரோப்பாவும் அமெரிக்காவும் இப்போது எதிரி நாடுகள். ஆகவே பால் வெட்டு பல தோட்டங்களில் நின்றது, சில தோட்டங்களில் குறைந்தது. காலைப் பிரட்டு இல்லை என்றால் கூலி இல்லை. கூலி இருந்தவர்களுக்கும் கையில் கிடைத்தது வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு. அதன் மதிப்பு மாதத்துக்கு மாதம் கரைந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி உண்ட நாடு. கப்பல் நின்றதும் அரிசியும் நின்றது. மரவள்ளிக் கிழங்கே காலைக்கும் மாலைக்கும் ஆகாரம் ஆயிற்று. துணி கிடைக்காமல் சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். செர்காம், மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துப் பெரியவர்களிடம் "ஜப்பான்காரன் காலம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். முதலில் அவர்கள் வாயில் வருவது மரவள்ளிக் கிழங்குதான், சண்டையும் குண்டும் அதற்குப் பிறகே.

இந்த நிலையில்தான் ஆள் பிடிக்க வந்தார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சுமார் 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ஒரு ரயில் பாதை போட ஜப்பானியர் முனைந்திருந்தார்கள். போர்க் கைதிகள் போதவில்லை. 1943ஆம் ஆண்டின் முற்பகுதியிலிருந்து மலாயாத் தோட்டங்களின் மீது கண் விழுந்தது. மூன்று மாத வேலை, நல்ல கூலி, அரிசி உண்டு என்று முதலில் ஆசை காட்டினார்கள். அதற்கு மயங்காதவர்களைத் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுவதாக அழைத்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றியதும் நடந்தது. இப்படி மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000 பேருக்கு மேல் என்பது கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். பல்லாயிரவர் காலராவிலும் மலேரியாவிலும் அடியிலும் பட்டினியிலும் மாண்டார்கள்.

நமது மாநிலத்துக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. தம்பினுக்கு அருகே பூலாவ் சேபாங்கில் பிரிந்து மலாக்கா நகரம் வரை ஒரு கிளை ரயில் பாதை ஓடிற்று. 1905ஆம் ஆண்டில் திறந்தது. ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்த பிறகும் அது திரும்பப் போடப்படவில்லை. மலாக்கா நகருக்கு ரயில் ஏன் வருவதில்லை என்று பிள்ளைகள் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

சயாமுக்குப் போனவர்களில் பலர் வீட்டாரிடம் விடைபெறவில்லை. வேலைக்காட்டிலிருந்தே கொண்டுபோகப்பட்டவர் உண்டு. கடைக்குப் போனவர் திரும்பாமலே போனதும் உண்டு. தம்பி எங்கே என்று அக்கா தேடும்போது, லாரி கிளம்பி அரை நாள் ஆகியிருக்கும்.

அதே ஆண்டில், அதே தோட்டங்களிலிருந்து இன்னொரு புறப்பாடும் நடந்தது.

1943 ஜூலை 2ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, நடுக்கடலில் ஜப்பானியரின் நீர்மூழ்கிக்கு மாறி, சுமத்ரா வழியாகத் தோக்கியோ போய், அங்கிருந்து வந்தவர். ஜூலை 4ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையை ஏற்றார். அடுத்த நாள் நகர மண்டபத் திடலில் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். சில நாட்களில் ஓர் அறிவிப்புச் செய்தார். பெண்களுக்கென்று தனிப்படை வேண்டும், 1857 எழுச்சியில் வாளேந்தி மறு ஆண்டு களத்தில் விழுந்த ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயரை அது தாங்க வேண்டும் என்றார்.

கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள் என்றால் வியப்பில்லை. உலகப் பெரும் படைகளில் அக்காலத்தில் பெண்கள் மருத்துவத் தாதியராக, ஓட்டுநராக, தந்தி இயக்குவோராக இருந்தார்கள். சோவியத் ரஷ்யாவில் விமானமும் ஓட்டினார்கள், துப்பாக்கியும் ஏந்தினார்கள். ஆனால் நம் இந்தியரிடையே, பெண்ணைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு அனுப்புவது என்பது கேள்விப்படாத சங்கதி. சென்னையில் மருத்துவம் படித்து 1940இல் சிங்கப்பூர் வந்து தொழில் நடத்திய டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் இந்தப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 28. அவர் ஊர் ஊராகச் சென்று பெண்களிடமும், பெண்களைவிட அதிகமாக அவர்களின் தாய் தந்தையரிடமும் பேசினார்.

தாய் தந்தையரிடம் ஏன் பேச வேண்டும்? மணமாகாத பெண் என்றால் தகப்பனார் கையெழுத்து வேண்டும், மணமானவர் என்றால் கணவரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அந்தப் பாரம் ஒரு லயத்து வீட்டுக்குள் வந்தபோது என்ன நடந்திருக்கும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. வளர்ந்த பெண் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்றால், அவள் சமைப்பாள், கைக்குழந்தைத் தம்பியை ஆயக்கொட்டகையில் கொண்டுபோய் விடுவாள், மரத்துக்கும் போவாள். அவள் கூலியும் வீட்டுக்கு வேண்டும். அவளைக் கல்யாணம் கேட்டு வருவோரும் வாசலில் காத்திருந்தார்கள். அவளைப் பட்டாளத்துக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்?

ஆயினும் கையெழுத்துகள் விழுந்தன. அதற்குக் காரணம் ஒன்று மட்டும் அன்று.

நேதாஜியின் பேச்சு ஒரு காரணம். அவர் இந்துஸ்தானியிலும் ஆங்கிலத்திலும் பேச, ஒருவர் தமிழில் பெயர்த்துச் சொல்லுவார். மணிக்கணக்கில் மழையில் நின்று கேட்டார்கள் என்கிறார்கள். தன்மானம் இன்னொரு காரணம். 1941ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. பட்டாளத்தை வரவழைத்து அதை ஒடுக்கினார்கள், உயிர்களும் பலியாயின. இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே தோட்டத்து மக்களைப் பார்த்து ஒரு தலைவர் "நீங்கள் நிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் பெண்களும் துப்பாக்கி பிடிக்கட்டும்" என்ற கருத்தில் பேசினால், அது எங்கே போய்த் தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது காரணத்தைச் சிலர் மேடையில் சொல்லத் தயங்குவார்கள். நான் தயங்கமாட்டேன். முகாமில் சோறு கிடைக்கும். முகாமில் இருக்கும் பிள்ளையைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள். ஜப்பானியச் சிப்பாய்கள் திரிகிற ஊரில் வயது வந்த பெண்ணை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. இந்த எண்ணத்தோடும் பெற்றோர் கையெழுத்திட்டார்கள். இதனால் அந்தப் பெண்களின் வீரம் குறைந்துவிடாது. பட்டினியும் பயமும் சூழ்ந்த ஒரு வீட்டார், இருக்கும் வழிகளில் தாங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நம் முன்னோரைக் கங்காணி அழைத்து வந்தார், துரை வேலைக்கு விட்டார், ஜப்பானியர் பிடித்துப் போனார்கள். யாரோ ஒருவர் கொண்டுபோக, இவர்கள் போனார்கள். தோட்டத்துப் பெண் தானே வாய் திறந்து "நான் போகிறேன்" என்று வீட்டில் சொன்னது இதற்கு முன் எத்தனை முறை நடந்திருக்கும்?

சில பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. கோலாலம்பூரில் ஜானகி தேவர் என்ற பதினெட்டு வயதுப் பெண் நேதாஜியின் கூட்டத்துக்குப் போய், அணிந்திருந்த தோடுகளைக் கழற்றி நிதிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். படையில் சேர வேண்டும் என்றபோது தந்தையார் இணங்கவில்லை. டாக்டர் லட்சுமியே அவர்கள் இல்லத்துக்கு வந்து பேசிய பிறகே கையெழுத்துக் கிடைத்தது. இவர்தான் பின்னாளில் புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன். ஈப்போவில் ராசம்மா, பொன்னம்மா என்னும் அக்காள் தங்கையர் இருவருமே ஒன்றாகச் சேர்ந்தார்கள். தந்தையை இழந்த குடும்பம். தாயார் நவரத்தினம் அம்மையார் இரு பெண்களையும் அனுப்பி வைத்தார். ராசம்மாவுக்கு அப்போது வயது 16. இவர் பிறகு ராசம்மா பூபாலன் என்ற பெயரில் ஆசிரியைகளின் சம்பள உரிமைக்காகப் போராடியதை நம்மில் பலர் அறிவோம்.

இவர்கள் நகரத்தவர், படித்தவர். படையில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும் புத்தகங்களைப் புரட்டினால் நகரத்துப் பெண்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. நினைவுகளை எழுதி வைக்க ஒருவருக்குப் பேனா இருந்தது, மற்றவருக்கு உளியும் வாளியும்தான் இருந்தன. மொத்தம் எத்தனை பேர் என்பதிலும் ஆயிரம் என்போர் உண்டு, ஐந்நூறுக்குள்தான் என்று அண்மை ஆய்வில் சொன்னவரும் உண்டு.

ஆண்பிள்ளைகளும் போனார்கள். தோட்டத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிங்கப்பூர், கோலாலம்பூர் முதலிய இடங்களின் முகாம்களுக்குச் சென்று பயிற்சி பெற்றார்கள். வயது போதாத பையன்களுக்குப் பாலசேனை இருந்தது. அண்ணன் பட்டாளத்துக்குப் போக, தம்பி லயத்துக்கு முன்னால் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு இடம் வலம் போட்டான்.

புறப்படும் காலை எப்படி இருந்திருக்கும் என்பதற்குப் பெரிய கற்பனை வேண்டாம். நம் வழக்கம் இன்றும் அதுதானே. முதல் நாளே மாரியம்மன் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். விடியலில் தாய் நெற்றியில் திருநீறு இடுவாள். கட்டித்தர அரிசிச் சோறு கிடையாது, அவித்த கிழங்குதான். லயத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் அழுகையை மறைக்க முடியாது, இருபது வீட்டாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். தங்கை அக்காவின் முந்தானையை விடமாட்டாள். பிரியும் துக்கத்துக்குப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளே முகம் கொடுத்தாக வேண்டியிருந்தது. மறுநாள் முதல் தம்பியை இடுப்பில் தூக்க வேண்டியவள் அந்தத் தங்கைதான்.

நம் காலத்தில் 2004 பிப்ரவரியில் தேசிய சேவைப் பயிற்சி தொடங்கியபோது, கணினி தேர்ந்தெடுத்த பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறோம். 2018இல் அது நிறுத்தப்பட்டு, 2025 ஜனவரியில் புதிய வடிவில் மீண்டும் தொடங்கிற்று. வாரக்கணக்கில் பிரிவதற்கே கலங்குகிறோம். 1943இல் போனவருக்குத் திரும்பும் தேதியே கிடையாது.

சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ராணி ஜான்சி படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று அங்கே கூடிய பெண்கள் 150 பேர் அளவில். இந்த நாளை ஒட்டி இன்னொரு நாளையும் நினைவில் வையுங்கள். சயாம் மரண ரயில் பாதையின் இரு முனைகளும் வந்து இணைந்தது அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 17ஆம் நாள்.

முகாம் வாழ்க்கையில் விடியுமுன் எழ வேண்டும். உடற்பயிற்சி, அணிநடை, துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துச் சேர்ப்பது, குறிபார்த்துச் சுடுவது, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தப் பழகுவது, முதுகில் மூட்டையோடு நெடுந்தூரம் நடப்பது, ஆங்கில எழுத்தில் எழுதிய இந்துஸ்தானி பாடம். சிலர் தாதியர் பயிற்சிக்குப் போனார்கள். சேலைக்குப் பதில் காக்கிக் கால்சட்டை. நீண்ட கூந்தலைப் பலர் கத்தரித்துக்கொண்டார்கள். வசதியான வீட்டுப் பெண்களுக்கு இருட்டில் எழுவதும் வெயிலில் நடப்பதும் புதிது. நான்கு மணிக்கு எழுந்து, மழைக்காட்டில் மரம் மரமாக ஏறி இறங்கிப் பழகிய தோட்டத்துப் பெண்ணுக்கு அதில் என்ன புதுமை? அவளுக்குப் புதுமையாக இருந்தது வேறு. டாக்டருடைய மகளும் கங்காணியின் மகளும் பால் வெட்டுகிறவள் மகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே அண்டாச் சோற்றை வாங்கினார்கள். இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் என்று பந்தி பிரிக்கவில்லை. சாதி கேட்கவில்லை. லயத்தில்கூட அந்நாளில் அது அவ்வளவு எளிதாக நடந்ததில்லை.

1944ஆம் ஆண்டு படை பர்மாவுக்குப் புறப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து வடக்கே ரயில். கிம்மாஸ், தம்பின், சிரம்பான் என்று நமக்குப் பழக்கமான நிலையங்களைத் தாண்டி, சயாமுக்குள் போய், பிறகு அந்தப் புதிய பாதையில் ஏறியது. ஆம், அதே பாதைதான். தோட்டத்திலிருந்து பிடித்துப்போன ஆண்கள் கட்டை அடுக்கி ஆணி அடித்த பாதையின் மேல், அதே தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் சீருடையில் பயணம் செய்தார்கள். பாதையோரத்து முகாம்களில் எஞ்சியிருந்த தமிழ்த் தொழிலாளிகள் அப்போதும் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார்கள். வண்டிக்குள் இருந்த எந்தப் பெண்ணின் அண்ணன் வெளியே நின்றான் என்பதை யார் அறிவார்.

போர்க்களச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு ஜூலையில் தோல்வியில் முடிந்தது. மழை, பட்டினி, நோய், வானிலிருந்து குண்டு. ராணிகள் மேமியோவிலும் ரங்கூனிலும் காத்திருந்தார்கள், காயம்பட்டவர்களைப் பராமரித்தார்கள். முன்னணிப் போருக்கு அவர்கள் அனுப்பப்படவில்லை. 1945 ஏப்ரல் 24ஆம் நாள் ரங்கூனைவிட்டு நேதாஜி வெளியேறியபோது, பெண்களைத் தனியே விட்டுப் போக மறுத்து, அவர்களோடு சேர்ந்து இரவெல்லாம் நடந்தார். பகலில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்தார்கள். இப்படி மோல்மீன் வழியாகப் பாங்காக் வந்தார்கள். முன்னதாக ரயிலில் திரும்பிய ஒரு பிரிவு தாக்கப்பட்டதில் ராணிகள் இருவர் உயிரிழந்தனர்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து, சிங்கப்பூர் கடற்கரையில் எழுந்திருந்த தேசிய இராணுவ நினைவுச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தச் சேதி தோட்டங்களுக்கு எட்டியதும், பட்டாளத்துக்குப் போன பிள்ளையின் காக்கி உடையைப் பெட்டிக்கு அடியில் மறைத்தார்கள் தாய்மார்கள். மறுபடி துரை வந்தார், மறுபடி பிரட்டு நடந்தது. துப்பாக்கி பிடித்த கையில் உளி ஏறிற்று. திரும்பிய இளைஞர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1946, 1947இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை தோன்றி, காலையில் அணிநடை பழகி, கள்ளுக்கடைகளை மறித்தது. அதன் நடையிலும் கட்டளையிலும் தேசிய இராணுவத்தின் சாயல் இருந்தது. 1946 ஆகஸ்டில் அமைந்த மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் திவியும், அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜானகியும் நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர்களே.

பெண்களைப் பொறுத்தவரை, வந்த பிறகு முதல் கவலை கத்தரித்த கூந்தல். அது வளரும்வரை தலையில் துணி கட்டிக்கொண்டு மரத்துக்குப் போனார்கள். பிறகு கல்யாணம், பிள்ளைகள். பேரப்பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவர்களும் உண்டு. எப்போதாவது பள்ளித் திடலில் பிள்ளைகள் சுதந்திர தின அணிவகுப்புப் பழகும்போது, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி ஒருத்தி, கால் தப்பிப் போகிறது என்று முணுமுணுத்தால், அவளைக் கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டும்.

சயாமுக்குப் போனவர்களில் உயிர் தப்பியவர்கள் 1945 கடைசியிலிருந்து சிறுகச் சிறுக வந்து சேர்ந்தார்கள். காலில் ஆறாத புண், வீங்கிய வயிறு. அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் நடந்தே போய்ச் சூழ்ந்துகொள்வார்கள். இன்ன தோட்டத்து இன்னாரைப் பார்த்தீர்களா, மூக்கில் தழும்பு இருக்கும், கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பான் என்று அடையாளம் சொல்லிக் கேட்பார்கள். அரசாங்கத்திலிருந்து காகிதம் எதுவும் வந்ததில்லை. வந்தவர் ஒருவர் தலையை அசைத்தால் அதுதான் செய்தி. அந்தக் கூட்டத்தில் நின்று தம்பியைக் கேட்ட அக்காமார்களில், ஒரு வருடத்துக்கு முன் அந்த ரயிலிலேயே பர்மா போய் வந்தவர்களும் இருந்தார்கள்.